கிணற்று நீரும் சுண்ணாம்பு மண்ணிலுள்ள சோடியமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத் தோட்டங்களில், கோடை முழுவதும் சற்று உவரான கிணற்று நீரை இறைத்தும் நிலம் கெடாதிருப்பதுண்டு. மாரியின் முதற் பெருமழைக்குப் பின்னரே மண் இறுகி, மேலே ஓடு பிடித்து, நீர் உட்செல்லாது தேங்கி நிற்கும். மழையே கெடுதி செய்ததென எண்ணத் தோன்றும். ஆயின் கெடுதி கோடையிலேயே உண்டாகிவிட்டது. மழை அதனை வெளிப்படுத்தியது மாத்திரமே.

மண்ணிலுள்ள நுண்ணிய களித்துணிக்கைகள் கல்சியம், மகனீசியம், சோடியம் ஆகியவற்றைத் தம் மேற்பரப்பிற் பற்றி வைத்திருக்கின்றன. கல்சியம் மிகுந்திருப்பின் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து மண் பொலபொலப்பாயிருக்கும். சோடியம் மிகுந்தால் அவை பிரிந்து மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். பற்றப்பட்டவற்றுள் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் சோடியமாயின் அது சோடிய மண் எனப்படும். களி மிகுந்த நிலம் அதனிலும் குறைந்த அளவிற் கெடுவதுமுண்டு. பாய்ச்சும் நீரில் உப்பு மிகுந்திருக்கும் வரை களி பிரியாது அடங்கியிருக்கும். மழைநீர் அவ்வுப்பைக் கழுவியதும் பிரிந்துவிடும்.

அடியிற் சுண்ணாம்புக்கல் இருக்கையில் கல்சியத்துக்குக் குறைவேது எனக் கேட்கலாம். சுண்ணாம்புக்கல் தூய நீரில் மிக அரிதாகவே கரைவதாற் கல்சியம் களியை வந்தடைவதில்லை. வேரும் உக்கும் குழையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரிற் கலந்தாற் கரைதல் கூடும். அக்கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, சோடியம் நீருக்குள் வெளியேறும். பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்க்கும் பழைய வழக்கத்துக்கு இதுவும் ஒரு பயன். நீர் கட்டிய நெல்வயலிலும் இவ்வாயு மண்ணில் தங்குவதால் இம்மாற்றம் நன்கு நிகழும். இருகாபனேற்று மிகுந்த கிணற்று நீர் இதற்கு மாறாகச் செய்யும். நிலம் காயும்போது அது கல்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியச்செய்து, சோடியத்தைத் தனியே விட்டுவிடும். கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த அளவை விடக் காபனேற்றும் இருகாபனேற்றும் இலீற்றருக்கு 2.5 மில்லிசமவலுவுக்கு மேல் மிகுந்துள்ள நீர் பாசனத்துக்கு ஏற்றதன்று. ஆதலின் நீரைச் சோதிப்பிக்கும்போது மின்கடத்துதிறனை மாத்திரம் பார்த்தல் போதாது. கிணறு வற்றிய ஆவணி மாதத்து நீரையே சோதனைக்குக் கொடுத்தல் வேண்டும். மாரி முடிந்தவுடன் எடுத்த நீர் நல்லதாகவே தோன்றும்.

குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை யாவரும் அறிவர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறையின் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்பதை இதனால் உணரலாம். துலா மிதித்த காலத்தில் ஆளின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரே மூச்சில் நெடுநேரம் இறைப்பதிலும், சிறிது சிறிதாக இறைத்துக் கிணற்றை ஊறவிடுதல் நன்று.

நிலத்தின் நிலையை வீட்டிலேயே அறியலாம். உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிப் போத்தலிலுள்ள மழைநீரில் மெல்ல இட்டு, அசையாது மறுநாள் வரை வைத்தல் வேண்டும். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிந்திருப்பின் அச்சமில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போற் கலங்கினாற் சோடியம் மிகுந்துள்ளது. கிணற்று நீரில் இச்சோதனையைச் செய்யலாகாது. அதிலுள்ள உப்பு குற்றத்தை மறைத்துவிடும்.

கலங்கல் கண்ட நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுதல் வீண் செலவு. இலீற்றர் நீரில் 2 கிராமுக்கு மேற் கரையக்கூடிய ஜிப்சமே உதவும். அளவை மண் சோதனையைக் கொண்டு தீர்மானித்தல் வேண்டும். வெங்காயம் இவ்வுவரைத் தாங்காததால் அத்தறைகளை முதலிற் கவனித்தல் தகும். மாரிக்கு முன்னர் அதனைப் பரப்பிக் கொத்தி, வரம்பு கட்டி மழைநீர் நிலத்தினுள் இறங்கச் செய்தல் வேண்டும். செம்பாட்டு மண்ணில் நீர் தானே வடியும். கடனீரேரியை அடுத்த தாழ்ந்த வயல்களில் வடிகால் வெட்டாவிடின், வெளியேறிய சோடியம் அங்கேயே கிடந்து பங்குனி வெயிலில் மீண்டும் மேலேறும்.