கொளவாய் ஏரியில் டிரவுட் சிக்குமா?

யூடியூபில் டிரவுட் மீன் பிடிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு ரீல் தூண்டில் வாங்கிவிட்டேன். கொளவாய் ஏரியில் டிரவுட் சிக்குமா?
– வாசகர், செங்கல்பட்டு

சிக்காது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரியில் விட்ட மீன் அது. அவலாஞ்சியில் அதற்கென்றே குஞ்சுப் பண்ணை வைத்தார்கள். நம்மூர் சித்திரை வெயிலில் குழம்பு வைக்காமலே வெந்துவிடும்.

ரீல் வீண் போகாது, விரால் இருக்கிறதே! காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும். விடிந்ததும் கோரையும் அல்லிக்கொடியும் மண்டிய கரையோரம் சத்தமில்லாமல் நில்லுங்கள். 'ப்ளக்' என்று குமிழி உடையும். அந்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, விட்டுவிட்டு இழுங்கள். கொடியில் சிக்கும், நரம்பு தடிமனாக இருக்கட்டும். கவ்வியதும் வெடுக்கென்று இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும். மூன்று எண்ணிவிட்டுச் சுண்டுங்கள். ஜிலேபிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் வேண்டாம், தக்கையும் மண்புழுவும் போதும்.

சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் மிதந்தால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். காவலிருக்கும் பெரிய விரால் எதைப் போட்டாலும் பாயும்; அதைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் போச்சு.

ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.