அறுபது நொடி, எட்டு நொடி, எட்டு நொடி

சென்ட்ரலில் கிளம்பும் எந்த ரயிலும் பேசின் பிரிட்ஜைத் தொடாமல் ஊரைத் தாண்டுவதில்லை. அரக்கோணம் பாதையும் கூடூர் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. பாலத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு எஞ்சின் தெரியும், பெட்டிகள் தெரியும். எஞ்சினுக்குள் ஓடும் டைமர் தெரியாது.

லோகோ பைலட் விழிப்பாக இருக்கிறாரா என்று கவனிக்கும் கருவி அது. ரயில்வேயில் வி.சி.டி. என்பார்கள். ஹாரன் அடிப்பது, நாட்ச் மாற்றுவது, பிரேக் பிடிப்பது என்று அவர் ஏதாவது செய்துகொண்டிருந்தால் டைமர் மறுபடி முதலிலிருந்து எண்ணும். 60 நொடி ஒன்றுமே நடக்காவிட்டால் விளக்கு மினுக்கும். 8 நொடிக்குள் பட்டனை அழுத்தாவிட்டால் ஒலியும் சேரும். அடுத்த 8 நொடியும் போனால் பிரேக் தானாக விழும்.

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, ‘மைக்ரோகன்ட்ரோலரில் டைமர் செய்தேன்’ என்று பயோடேட்டாவில் எழுத நினைக்கும் வட சென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. 10, 9, 8 என்று எண் இறங்கி முடிவில் பஸ்ஸர் கத்தும் மாதிரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதை ஒரே மாலையில் பார்த்து எழுதிவிடலாம். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்க ஒன்றும் இருக்காது. வி.சி.டி.யின் சிறு மாதிரியைச் செய்யுங்கள்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டு, பிரெட்போர்டு, பட்டன், மஞ்சள் எல்.இ.டி., 220 ஓம் ரெசிஸ்டர், பஸ்ஸர், நாலு இலக்க டி.எம்.1637 டிஸ்பிளே, பிரேக்குக்குப் பதிலாக 5 வோல்ட் ரிலே மாட்யூல். இவ்வளவுதான் சாமான். பேசின் பிரிட்ஜிலிருந்து சென்ட்ரல் ஒரே ஸ்டேஷன். அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஒரே நிறுத்தம். இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வாங்குங்கள். ரிலேயில் வீட்டு மின்சாரம் எதையும் இணைக்க வேண்டாம். அது ‘டக்’ என்று விழும் ஓசையே நமக்குப் பிரேக்.

புரோகிராமில் முதலில் சறுக்குவது ‘டிலே’ கட்டளையில். ஒரு நொடி காத்திரு என்று சொன்னால் சிப் அந்த நொடி முழுக்கக் கண்ணை மூடிக்கொள்கிறது. இடையில் பட்டனை அழுத்தி விட்டுவிட்டால் அதற்குத் தெரியாது. தூங்குபவரைக் கண்டுபிடிக்க வந்த கருவியே தூங்கலாமா? ‘மில்லிஸ்’ பயன்படுத்துங்கள். போர்டுக்கு மின்சாரம் வந்ததிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று அது சொல்லும். கடைசியாகப் பட்டன் அழுத்திய நேரத்தை அதிலிருந்து கழித்தால் ஓட்டுபவர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்பது கிடைத்துவிடும்.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. சோதனைக்காக 5 * 1000 என்று எழுதி ஓட்டுவீர்கள், சரியாக ஓடும். திருப்தியாக 60 * 1000 என்று மாற்றுவீர்கள், எச்சரிக்கை வராது. இந்த போர்டில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம். 32,767-க்கு மேல் தாங்காது. 60,000 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 5,536 உட்கார்ந்துகொள்ளும். அதை ‘அன்சைன்ட் லாங்’ வகையோடு ஒப்பிடும்போது அதுவே 429 கோடிக்கு மேற்பட்ட எண்ணாக மாறிவிடும். அறுபது நொடிக்கு வைத்த எச்சரிக்கை 49 நாள் கழித்து வரும். 60000 என்று நேராக எழுதி, பின்னால் யூ, எல் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் தீர்ந்தது. இந்தத் தவறை நீங்களே ஒருமுறை வேண்டுமென்று செய்து பாருங்கள், பிறகு மறக்காது.

இனி உங்கள் கருவியை ஏமாற்றப் பாருங்கள். பட்டன்மேல் டேப் ஒட்டி அழுத்தியே வைத்தால்? அழுத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் புரோகிராம் ஏமாந்துவிடும். அழுத்தாத நிலையிலிருந்து அழுத்திய நிலைக்கு மாறிய அந்தக் கணத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பட்டன் வயர் அறுந்தால்? ‘இன்புட் புல்அப்’ முறையில் பட்டனைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு இணைத்திருந்தால், அறுந்த வயர் அழுத்தாத பட்டனாகவே தெரியும். டைமர் ஓடிப் பிரேக் விழும். மின்சாரமே போனால்? ரிலே இழுத்திருக்கும்போது ‘ஓடலாம்’, விட்டுவிட்டால் ‘பிரேக்’ என்று அமையுங்கள். எது கெட்டாலும் வண்டி நிற்கும் பக்கமாகவே கெட வேண்டும். இந்த ஒரு கொள்கையைக் கையால் செய்து காட்டுபவருக்குத் தொழிற்சாலைக் கதவு சற்று எளிதாகத் திறக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மணலியின் சுத்திகரிப்பு ஆலையானாலும் எண்ணூரின் வாகனத் தொழிற்சாலையானாலும் பாதுகாப்புச் சுற்றுகளைத் தொடுபவருக்கு இந்த எண்ணம் ஊறியிருக்க வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.யைப் படிக்கப் போகும்போது வரும் ‘டி.ஓ.என்.’ என்ற தாமத டைமரும் இதன் உறவுக்காரன்தான்.

நேரம் துல்லியமா என்று கேட்பார்கள். ஊனோ ஆர்3-இன் முதன்மைச் சிப்புக்கு நேரம் தருவது செராமிக் ரெசனேட்டர். குவார்ட்ஸ் கிரிஸ்டல் அளவுக்குத் துல்லியம் கிடையாது. அரை சதவீதம் தவறினால் 60 நொடியில் 0.3 நொடிதான், இந்த வேலைக்குப் போதும். அதுவே ஒரு மணி நேரத்துக்கு 18 நொடி. நாள்கணக்கில் எண்ண வேண்டுமானால் டி.எஸ்.3231 கடிகார மாட்யூல் வாங்குங்கள். போன் ஸ்டாப்வாட்ச்சை வைத்துப் பத்துமுறை அளந்து, பத்து அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் போர்டை மேசைமேல் வைத்து, கூடவே அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டுங்கள்.

ரயில்வே கனவு உள்ளவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உதவி லோகோ பைலட் தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது. கணினித் தேர்வுகள், திறனறித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்றுதான் போகும். போர்டைக் காட்டி அங்கே மதிப்பெண் வாங்க முடியாது. இரண்டாம் கட்டத் தேர்வின் ‘பி’ பகுதியில் உங்கள் டிரேடிலிருந்து கேள்வி வரும். ரிலேயும் ஓம் விதியும் கைபட்டுப் படித்தவருக்கு அங்கே தடுமாற்றம் குறையும். தேர்ச்சி பெற்று ஒருநாள் கேபினுக்குள் ஏறினால், 60 நொடி சும்மா இருந்தால் உங்களை விசாரிக்கும் அந்த விளக்கு ஏன் மினுக்குகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.