கொலோன் நகரில் ஒரு பகல்

ரைன் ஆற்றில் வந்த எங்கள் கப்பல், காலையில் செருமனி நாட்டுக் கொலோன் நகரத் துறையை அடைந்தது. மாலைவரை ஊர் காண விடைபெற்றுக் கரையேறினோம். 157 மீட்டர் உயர்ந்த பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் எம்மை ஈர்த்தன. தென்கோபுரத்தில் 533 படிகள்; என் முழங்கால்கள் அவற்றை இன்னும் மறந்தில!

1248-இல் தொடங்கிய அத்திருப்பணி 16-ஆம் நூற்றாண்டில் நின்றுபோயிற்று. குறையாய் நின்ற கோபுரத்தின்மேல் மரப் பாரந்தூக்கி ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றதாம். தொலைந்திருந்த பழைய வரைபடத்தின் ஒரு பாதி 1814-இல் தார்ம்சுடாட்டிலும், மறுபாதி 1816-இல் பாரிசிலும் கிடைத்தன. அதனைத் துணைக்கொண்டு 1842-இல் மீண்டும் தொடங்கி, 1880-இல் முடித்தனர்.

இதனைக் கேட்டபொழுது என் நெஞ்சம் மதுரைக்குத் திரும்பிற்று. அங்கே புது மண்டபத்திற்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் தொடங்கிய இராயகோபுரம் இன்றும் குறையாகவே நிற்கின்றது. காளவாசலில் வாழும் யான் அவ்வழியே எத்துணை முறை சென்றிருப்பேன்! ஒருநாளேனும் நின்று அதனை அண்ணாந்து நோக்கியதில்லை.