சென்னை பார்க்கப் பாஸ் வாங்கலாமா? தேனிப் பக்கத்துப் பயணிகளுக்கான ஒப்பீடு

பெருநகரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென விற்கப்படும் பாஸ்கள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அடிப்படையில் நான்கு வகைப்படும். முதலாவது பயண பாஸ்; குறித்த காலத்துக்குள் பேருந்திலோ ரயிலிலோ எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிக்கொள்ள இது உரிமை தருகிறது. இரண்டாவது கூட்டு நுழைவுச்சீட்டு. பல இடங்களின் நுழைவுக் கட்டணத்தை ஒரே சீட்டில் அடக்குவது. மூன்றாவது, முதல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய கூட்டு பாஸ். இதில் பெரும்பாலும் ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்தும் அடங்கும். அதாவது வரையறுத்த தடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் பேருந்தில் ஓரிடத்தில் இறங்கி, பார்த்து முடித்து, அதே சீட்டைக் காட்டி அடுத்து வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு. நான்காவது, காலையில் ஏற்றிக்கொண்டு மாலையில் இறக்கிவிடும் வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலா. கடமலைக்குண்டிலிருந்தும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலிருந்தும் சென்னை பார்க்கப் புறப்படும் குடும்பம் இந்நான்கில் எதைத் தேர்வது என்பதற்கு, பாஸின் விலையைவிட வேறு மூன்று செய்திகள் முதன்மையானவை: சென்னையில் எங்கே போய் இறங்குகிறது, எந்தக் கிழமையில் இறங்குகிறது, குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பவையே அவை.

கூட்டு பாஸ் என்னும் கருத்து வளர்ந்த நகரங்களின் பொருளாதாரம் வேறு. லண்டன் பாஸ் என்ற பெயரில் விற்கப்படுவது, லண்டன் கோபுரக் கோட்டை போன்ற கட்டணம் மிகுந்த இடங்களையும் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தையும் ஒன்றாக அடக்கியது. அங்கே ஓரிடத்தின் நுழைவுக்கே நம் கணக்கில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால், ஒரு நாளில் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டாலே பாஸ் பணம் தேறிவிடக்கூடும். இந்தியாவில் இதற்கு நெருக்கமான நல்ல எடுத்துக்காட்டு ஜெய்ப்பூர். ஆமேர் கோட்டை, ஜந்தர் மந்தர், ஹவா மஹால், ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகம் உள்ளிட்ட இடங்களுக்கு அங்கே ஒரே கூட்டுச்சீட்டு தரப்படுகிறது. அது இரண்டு நாள் செல்லும். சென்னையிலோ நிலைமை தலைகீழ். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கும், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்கும், சாந்தோம் பேராலயத்துக்கும், மெரினாக் கடற்கரைக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம், சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் வைத்துக்கொண்டு, உள்நாட்டுப் பார்வையாளரிடம் ஒரு தேநீர், வடைக்கு ஆகும் அளவுக்குத்தான் கட்டணம் பெறுகிறது. கலங்கரை விளக்கத்தில் மேலேறிப் பார்க்கப் பெரியவர்களுக்கு 20 ரூபாய். கட்டணமே சிறிதாக இருக்கும் நகரத்தில் நுழைவுகளை ஒன்றாகக் கட்டி விற்கும் பாஸால் மிச்சப்படுவது மிகக் குறைவு. ஆகவே சென்னையில் ஒப்பிட வேண்டியது பெரும்பாலும் போக்குவரத்தைத்தான்.

போக்குவரத்து பாஸ்களில் முதலில் எண்ணத்தக்கது மாநகர் போக்குவரத்துக் கழகத்தினுடையது. விருப்பம்போல் பயணம் செய்யும் ஒரு நாள் சீட்டு முன்பு 50 ரூபாய்க்குக் கிடைத்தது; வெளியூர்க்காரர்களுக்கு அது பெரிய துணையாக இருந்தது. இப்போது பலரும் பயன்படுத்துவது 1,000 ரூபாய் மாத பாஸ். குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்து 2,000 ரூபாய்க்கு ஒரு மாத பாஸ் 2025-இல் வந்தது. இவை இரண்டும் நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் நகரவாசிகளை எண்ணி அமைக்கப்பட்டவை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2018 கட்டண உயர்வுக்குப் பிறகும் கட்டணம் சிறிதாகவே இருப்பதால், இரண்டு மூன்று நாள் தங்குபவர் எவ்வளவு சுற்றினாலும் 1,000 ரூபாயை எட்ட மாட்டார். படிக்கவோ பயிற்சிக்கோ ஒரு மாதம் சென்னையில் தங்கப் போகும் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று பாஸ் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. விடியல் பயணம் என்று பின்னர் பெயரிடப்பட்ட இத்திட்டம், க.விலக்கு வழியாகத் தேனிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்குச் செல்லுவதைப் போலவே, சென்னையில் அண்ணா சாலையில் ஏறும்போதும் அவருக்குச் செல்லும். சென்னையில் குடியிருப்பவர் என்று காட்ட வேண்டியதில்லை. திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் இச்சலுகைக்கு உரியவர்கள். ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆகவே கணவர், மனைவி, மாமியார், பத்து வயது மகள், மூன்று வயது மகன் என்று ஐவர் புறப்படும் குடும்பத்தில் சீட்டு வாங்க வேண்டியவர் குடும்பத் தலைவர் ஒருவரே. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்கப்படும் எந்தப் பாஸும் இந்தக் கணக்கின் முன் நிற்காது. சொகுசுப் பேருந்துக்கும் குளிர்சாதனப் பேருந்துக்கும் இச்சலுகை செல்லாது என்பதால், ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முதியோருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் கட்டணமில்லா வில்லைகள் மட்டும் சென்னையில் வசிக்கும் அறுபது வயது கடந்தவர்களுக்கே உரியவை. ஊரிலிருந்து வரும் தாத்தாவுக்கு அவை கிடைக்கா.

மெட்ரோ ரயிலுக்கென ஒரு நாள் சுற்றுலா அட்டை ஒன்று உண்டு. நாள் முழுதும் வரம்பின்றிப் பயணம் செய்ய 100 ரூபாயும், அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது மீளக் கிடைக்கும் முன்பணமாக 50 ரூபாயும் ஆக 150 ரூபாய் என்பது அதன் அமைப்பு. இது லாபமா என்பதைக் கட்டணப் படிகளை வைத்தே முடிவு செய்யலாம். 2021-இல் குறைக்கப்பட்ட கட்டணப்படி இரண்டு கிலோமீட்டர் வரை 10 ரூபாய், ஐந்து வரை 20, பன்னிரண்டு வரை 30, இருபத்தொன்று வரை 40, அதற்கு மேல் 50. நடுத்தரத் தொலைவில் நான்கு முறை சென்றால்தான் 100 ரூபாயைத் தாண்டும். சென்ட்ரலிலிருந்து அடுத்த நிலையமான எழும்பூருக்குப் போய் அருங்காட்சியகம் பார்த்துத் திரும்புபவருக்கு வெறும் 20 ரூபாய்தான் ஆகும். செல்பேசியில் கியூஆர் சீட்டு எடுத்தால் தள்ளுபடியும் உண்டு. மெட்ரோ இன்னும் மெரினாவையும் மயிலாப்பூரையும் எட்டவில்லை. அவ்வழியிலான இரண்டாம் கட்டப் பாதையின் வேலை முடிந்த பின் இந்த மதிப்பீடும் மாற வேண்டியிருக்கும். இப்போதைக்கு இந்த அட்டை யாருக்குப் பொருந்தும் என்றால், வடபழனி, கோயம்பேடு, கிண்டி, விமான நிலையம் என்று நகரின் மேற்கிலும் தெற்கிலும் ஒரே நாளில் உறவினர் வீடுகளும் கோயிலுமாகச் சுற்றுபவர்களுக்கும், மெட்ரோவில் ஏறி இறங்குவதையே ஒரு காட்சியாக அனுபவிக்க விரும்பும் பிள்ளைகளுடன் வருபவர்களுக்கும் பொருந்தும். அந்த விருப்பத்தைச் சிறிதென்று தள்ளிவிட வேண்டியதில்லை. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குத் தரைக்கடியில் ஓடும் ரயில் ஒரு பார்வையிடம்தான்.

பாஸ் எதுவும் வேண்டாத மிகச் சிறந்த வழி பறக்கும் ரயில். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை பெரும்பாலும் மேம்பாலத்தின் மீது ஓடும் இந்த ரயிலின் முதற்பகுதி 1995-இல் தொடங்கியது. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பூங்கா நகர் நிலையத்தில் ஏறினால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை என்று நகரின் பழைய பகுதிகள் வரிசையாக வரும். கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. 2025 செப்டம்பரில் வெளியிடப்பட்ட சென்னை ஒன் செயலியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே கியூஆர் குறியீட்டில் சீட்டு எடுக்க அது உதவுகிறது. அது பாஸ் அன்று. கட்டணத்தைக் குறைப்பதைக் காட்டிலும் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதே அதன் பயன்.

இனி இறங்கும் இடம். தேனியிலிருந்து சென்னைக்குச் செல்லும் அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் விடுகின்றன. அது நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தெற்கே, வண்டலூரை அடுத்து இருக்கிறது. இரவெல்லாம் பயணம் செய்து விடியலில் அங்கே இறங்குபவர் நகருக்குள் போய், மறுபடி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வருவது வீண் அலைச்சல். பூங்காவை முதலில் முடித்துக்கொள்வதே முறை. ரயிலில் வருபவருக்கு நிலைமை வேறு. 2023 ஜூன் 15 அன்று தொடங்கிய போடிநாயக்கனூர் – சென்னை சென்ட்ரல் விரைவு வண்டி, மதுரை, கரூர், சேலம், காட்பாடி வழியாக வந்து காலை எட்டு மணியளவில் நகரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. மெட்ரோவும் பறக்கும் ரயிலும் பேருந்தும் அங்கிருந்து நடந்து போகும் தொலைவுதான்.

இந்த வண்டியின் கிழமை அட்டவணையோடு பார்வையிடங்களின் விடுமுறை நாட்களையும் பொருத்திப் பார்ப்பது, எந்தப் பாஸையும்விட மிகுதியாகப் பயன் தரும். போடியிலிருந்து ஞாயிறு, செவ்வாய், வியாழன் இரவு புறப்படும் வண்டி திங்கள், புதன், வெள்ளி காலையில் சென்னை சேர்கிறது; சென்னையிலிருந்து அதே திங்கள், புதன், வெள்ளி இரவு பத்தரை மணிக்குத் திரும்புகிறது. விடுதி வாடகையே இல்லாமல், காலையில் இறங்கி இரவில் ஏறும் ஒரு நாள் பயணம் இதனால் கைகூடுகிறது. பைகளைச் சென்ட்ரலில் உள்ள பொருள் காப்பறையில் வைத்துவிடலாம். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கலங்கரை விளக்கமும் விவேகானந்தர் இல்லமும் திங்களன்று மூடியிருக்கும். வண்டலூர்ப் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காட்டில் உள்ள தட்சிண சித்ரா ஆகியவற்றுக்குச் செவ்வாய் விடுமுறை. எனவே ஒரு நாள் பயணத்துக்கு மூன்று கிழமைகளில் புதன்தான் எதுவும் தவறாத நாள். இரண்டு மூன்று நாள் தங்க விரும்புவோர் திங்கள் வந்து புதன் திரும்பினால் நடுவிலுள்ள செவ்வாயில் பூங்காக்கள் போய்விடும். புதன் வந்து வெள்ளி திரும்பினால் அருங்காட்சியகங்களைப் புதனிலும், வண்டலூரை வியாழனிலும், கோயில்களையும் கடற்கரையையும் வெள்ளியிலும் வைத்துக்கொள்ளலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும் என்பதால், அந்த இடைவேளையில் நிழலான இடங்களைப் பொருத்துவது கோடைக்காலத்தில் மிகவும் உதவும்.

பாஸ் வாங்குவோர் காலக் கணக்கிலும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாள் என்பதைச் சில பாஸ்கள் முதற்பயன்பாட்டிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமாகக் கொள்கின்றன. சிங்கப்பூர் சுற்றுலாப் பயணி பாஸ், லண்டன் பாஸ் போன்றவை நாட்காட்டி நாளாகக் கொள்கின்றன. இரண்டாம் வகையை மாலை ஐந்து மணிக்கு முதன்முறை பயன்படுத்தினாலும் அன்றிரவோடு அந்த நாள் முடிந்துவிடும். சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி: பிற்பகலில் விமானம் இறங்கும் நாளில் அந்தப் பாஸைத் தொடங்காமல் மறுநாள் காலையில் தொடங்க வேண்டும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் சென்னை நகரச் சுற்றுலாவும், காஞ்சிபுரம் – மாமல்லபுரம் ஒரு நாள் சுற்றுலாவும் நான்காம் வகையைச் சேர்ந்தவை. வழி தெரியாத முதியோருக்கும், தனியே வரும் பெண்களுக்கும், ஒரே நாளில் தொலைவான ஊர்களைப் பார்க்க விரும்புவோருக்கும் இவை ஏற்றவை. நுழைவுக் கட்டணமும் உணவும் சீட்டில் அடங்குமா, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்கும் என்னும் இரண்டையும் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சிற்பங்களின் முன் நின்று பார்க்கும் பொறுமை உடையவர்களுக்கு இந்த வகை ஏமாற்றமே தரும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன் கால் மணி நேரம் போதாது.

மாமல்லபுரம்தான் இந்த ஒப்பீட்டில் கூட்டு நுழைவுச்சீட்டுக்கு உண்மையான பொருள் இருக்கும் இடம். 1984-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்தச் சின்னங்களுக்கு, இந்தியத் தொல்லியல் துறை இந்தியருக்கு 40 ரூபாய்க்கு ஒரே சீட்டு தருகிறது. இணையத்தில் எடுத்தால் ஐந்து ரூபாய் குறையும். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. கடற்கரைக் கோயிலில் வாங்கிய சீட்டே அன்று ஐந்து ரதங்களுக்கும் செல்லும். அங்கே வேறு சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாததால் முதல் சீட்டை எறிந்துவிட்டு இரண்டாவது வாங்கிவிடுகிறார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடையாற்றிலிருந்து 588, தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக 515 ஆகிய மாநகரப் பேருந்துகள் மாமல்லபுரம் செல்கின்றன. திரும்பும் பயணம் பேருந்தில் என்று முடிவானால், மாமல்லபுரத்தைக் கடைசி நாளில் வைத்து, மாலையில் 515-இல் ஏறி வண்டலூரில் இறங்கி, சென்னைக்குள் மறுபடி நுழையாமலே கிளாம்பாக்கத்தில் தேனிப் பேருந்தைப் பிடிக்கலாம்.