உலோகமும் மரமும் இசையும் இடம்

கொல்லன் உலைக்களத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்குவதைப் புத்தூரில் இளமையிற் கண்ட பழைய மாணவர் பலர் இருப்பர். இரும்பின் காதினுள் மரம் அசையாது பொருந்தினாலன்றி அக்கருவி வேலைக்கு உதவாது. இவ்வெளிய உண்மையே கைத்தொழிலாகத் துவக்குச் செய்தலுக்கும் அடிப்படையாகும்.

வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இறுக்கும் பழைய துவக்கை வன்னி மக்கள் இடியன் என்பர். 1505இல் போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்தனர். நூறாண்டு நிறையுமுன் இந்நாட்டுக் கம்மியர் துவக்குத் தொழிலில் வல்லவராயினர். கோவாவில் வாழ்ந்து மீண்ட ஒல்லாந்தர் லின்சோட்டன், 1596இல் வெளியிட்ட நூலில், இலங்கையர் செய்யும் குழல்கள் வெள்ளிபோல் ஒளிர்வன என வியந்தார். பிறரிடம் கண்டதைப் பயின்று தமதாக்கிக்கொண்ட அத்திறன் எதனால் அமைந்தது? தொழின்முறையை நோக்கின் ஒருவாறு விளங்கும்.

குழல், விசைப்பொறி, விசையைக் காக்கும் வளைவு, பிடியின் அடித்தகடு, கோலைத் தாங்கும் சிறு குழாய்கள் என்பன துவக்கின் உலோக உறுப்புகள். வார்த்தெடுத்த பித்தளை கரடுமுரடாயிருக்கும். அதனை அரத்தால் அராவி வடிவு திருத்திய பின்னரே மரத்தில் இடம் வெட்டுதல் வேண்டும். வெட்டிய பின் உலோகத்தை அராவினால் இடைவெளி தோன்றும். குறைந்த உலோகம் மீண்டும் வளராது.

பொருத்தும் முறை வருமாறு: விளக்குப் புகைக்கரியை எண்ணெயிற் குழைத்து உலோகத்தின் அடிப்புறத்தில் மெல்லெனப் பூசி, மரத்தில் அழுத்துவர். மரத்தில் உயர்ந்த இடங்களிற் கரி ஒட்டும். அவ்விடங்களை மாத்திரம் உளியாற் சுரண்டுவர். பரப்பெங்கும் கரி சீராகப் படியும்வரை பூசுதலும் அழுத்தலும் சுரண்டலும் தொடரும். மரம் ஈரத்தாலும் வெயிலாலும் அசையுமாதலின், குழலை மரத்தோடு பிணைக்கும் ஆணி செல்லும் துளையைக் குழலின் காதில் சற்று நீளமாக அமைப்பர்.

இத்துணை நுணுக்கம் அழகின்பொருட்டு மாத்திரமன்று. வெடிக்குங்கால் குழல் பின்னோக்கித் தள்ளும். அவ்விசையை மரம் ஒரே இடத்தில் தாங்கினால் கட்டை பிளக்கும். குழலின் அடைப்பிற் குறையிருப்பின் சுடுவோனுக்கே கேடு விளையும். முறையற்றுச் செய்த துவக்குகளாற் கண்ணும் கையும் இழந்தோர் உளர். இன்று உரிமமின்றித் துவக்குச் செய்தலும் வைத்திருத்தலும் குற்றமாகும். ஆகவே இத்தொழிலை வரலாறாகவே கற்றல் தகும்.

1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற பீரங்கியொன்றையும் வாள்களையும் இரண்டு துவக்குகளையும் நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கைக்கு மீள அளித்தது. அவை கொழும்புத் தேசிய நூதனசாலையைச் சேர்ந்தன. அங்குச் செல்லும் மாணவர் மேல்வேலைப்பாட்டோடு அமையாது, உலோகமும் மரமும் சேரும் விளிம்பையும் உற்று நோக்குவாராக. செய்தவன் பெயரை நாம் அறியோம். அவன் எத்துணைப் பொறுமையோடு உழைத்தான் என்பதை அவ்விளிம்பே காட்டும். சிறிது குறைத்து, பொருத்திப் பார்த்து, மீண்டும் சிறிது குறைக்கும் அம்முறை கல்விக்கும் ஏற்றதென்பது எமது கருத்து.