நாம்பள்ளிக்கு வரும் புதிய நன்னடத்தை அலுவலர்களுக்கு

1. ஹைதராபாத் நாம்பள்ளி குற்றவியல் நீதிமன்றங்களில் முதலில் பெஞ்ச் கிளார்க்கைப் போய்ப் பாருங்கள். அறிக்கை கேட்கும் உத்தரவு அன்றே உங்கள் கைக்கு வருவதும், கட்டுக்குள் கிடந்து வாய்தாவுக்கு முதல்நாள் வருவதும் அவர் மேஜையைப் பொறுத்தது. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன் உங்கள் அறிக்கையைக் கேட்க வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. தாமதமானால் தவிப்பது அந்தப் பிள்ளை.

2. பெயரை மட்டும் நம்பாதீர்கள். பழைய நகரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பன் பெயரோடு வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். காவல், நீதிமன்றம், சிறை, தடயவியல், அரசு வழக்கறிஞர் ஆகிய ஐந்தையும் கணினியில் இணைத்திருக்கிறார்கள். நாம் அந்த ஐந்தில் இல்லை. ஆகவே நேரில் போய்க் கேட்பதற்கு இன்னும் மாற்று இல்லை.

3. இதுதான் முக்கியம். அறிக்கை ரகசியம் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. அப்பனின் குடி, அக்காவின் நின்றுபோன கல்யாணம், அக்கம்பக்கத்தார் பேச்சு எல்லாம் அதில் இருக்கும். உறையில் இட்டு முத்திரை வைத்து, தபால் நோட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அவசரம் என்று கிளார்க் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாதீர்கள். வக்கீல் கேட்டால் நீதிமன்றத்திடம் கேட்கச் சொல்லுங்கள். சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து, மறுப்புச் சாட்சியத்துக்கு வாய்ப்புத் தர நீதிமன்றத்தால் முடியும். அதனால் நீங்கள் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்தே எழுதுங்கள். தாய் உருதுவில் சொன்னது ஆங்கில அறிக்கைக்குள் போகும்போது கடுமையாகிவிடும். அவள் சொன்னபடியே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

4. சிறார் வழக்கில் சமூக விசாரணை அறிக்கைக்குக் கெடு 15 நாள். சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியே விடுவது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். உறையின் மேல் பெயர் எழுத வேண்டாம், வழக்கு எண் போதும்.

5. குற்றவாளி பிணைமுறி எழுதிக்கொடுத்து வெளிவந்த பிறகும் கிளார்க்கிடம் போய்வாருங்கள். நிபந்தனை மீறினால் மட்டும் ஓடிப்போய்ச் சொல்கிறோம். ஒழுங்காக வேலைக்குப் போகிறவனைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இனிக் கண்காணிப்பு வேண்டாம் என்று நீங்களே மனுச் செய்யலாம், நன்னடத்தைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது. விடுவித்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி அவன் கையில் கொடுங்கள். வேலைக்கான போலீஸ் விசாரணையில், தண்டனையால் வரும் தகுதியிழப்பு தனக்கில்லை என்று 12ஆம் பிரிவைச் சொல்ல அவனுக்கு அந்தத் தாள் வேண்டும்.