தோட்டத்துக் கள்வர்

கட்டுரை எழுதப் பணித்த வகுப்பில், எழுதுகோலைக் கையிற் பற்றியவாறு மோட்டுவளையை நோக்கி அமர்ந்திருக்கும் மாணவர் சிலர் ஆண்டுதோறும் இருப்பர். "ஏன் எழுதவில்லை?" என்று வினவினால், "ஐயா, ஒன்றும் தோன்றவில்லை" என்பர். முப்பதாண்டுக்கு மேலாக இவ்விடையைக் கேட்டுப் பழகியவன் யான். தோற்றம் என்பது எங்கிருந்தோ தானே வந்து இறங்கும் என்றும், அது வருந்துணையும் காத்திருத்தலே தம் கடன் என்றும் அவர்கள் கருதியிருந்தனர். துணிக்குக் கோலம் வகுப்போரும், கலங்களுக்கு உருவம் அமைப்போரும் ஆகிய வடிவமைப்பாளர்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. அவர்க்குத் தோன்றுவது எங்கிருந்து தோன்றுகிறது? ஆங்கில நாட்டில் ஓர் அச்சுத்துணி பிறந்த வரலாற்றை அறிந்தால் இவ்வினாவிற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

அத்துணியை ஆக்கியவர் வில்லியம் மாரிஸ் என்பார். இவர் 1834ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரை அடுத்த வால்தம்ஸ்டோ என்னும் ஊரில், செல்வக் குடியிற் பிறந்தார். இளமையில் அருகிருந்த எப்பிங் காட்டில் திரிந்து மரங்களையும் பறவைகளையும் கண்டு மகிழ்ந்தார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். பாவலர் என்னும் புகழும் எய்தினார். 1861இல் நண்பர் சிலருடன் கூடி, வீட்டை அணிசெய்யும் பொருள்களை ஆக்கி விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

சுவரில் ஒட்டும் வண்ணத்தாளுக்கென்று அவர் முதன்முதல் ஒரு கோலம் வகுத்தது 1862இல் ஆகும். அதற்கு அவர் நெடுந்தொலைவு சென்று பொருள் தேடவில்லை. தம் வீட்டுத் தோட்டத்தில் ரோசாக் கொடி படர்வதற்காக நட்டிருந்த மரச்சட்டங்களையே வரைந்தார். சட்டங்களிற் கொடி படர்ந்தது, மலர்கள் பூத்தன, ஆயினும் இடையிடையே பறவைகள் வேண்டுமே! பறவையைத் தம்மால் செம்மையாக வரையவியலாது என்று அவர் கருதியமையால், கட்டடக் கலைஞராகிய பிலிப் வெப் என்னும் நண்பர் அவற்றை வரைந்து கொடுத்தார். இதனை நினைவில் வைத்துக்கொள்க.

1871இல் மாரிஸ், தேம்ஸ் ஆறு இன்னும் சிற்றாறாக ஓடும் நாட்டுப்புறத்திலே, கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூரில் பழைய கல்வீடு ஒன்றை வாடகைக்குக் கொண்டார். அவ்வீட்டின் காய்கனித் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி என்னும் செங்கனிச் செடிகள் இருந்தன. கனி சிவக்கும் பருவத்தில், மார்பிற் புள்ளிகளையுடைய பூங்குருவிகள் வந்து அவற்றைக் கவர்ந்து சென்றன. வலை விரித்துக் காத்தும் பயனில்லை. அவை வலையின் அடியில் நுழைந்தன. தோட்டக்காரர்க்குச் சினம் பொங்கியது. உழைத்தவர் அவரல்லரோ? பறவைகளின் கழுத்தைத் திருகிவிட வேண்டும் என்று முணுமுணுத்தார். மாரிசோ, வைகறையில் எழுந்து சென்று அக்கள்வரின் செயலைக் கண்டு களித்தவர். தம் தோட்டத்தில் ஒரு பறவைக்கும் ஊறு செய்தலாகாது என்று அவர் கட்டளையிட்டதை அவருடைய மகளார் மே மாரிஸ் பின்னாளில் எழுதியுள்ளார்.

தோட்டக்காரர் கண்டதும் அதே பறவை. மாரிஸ் கண்டதும் அதே பறவை. ஒருவர்க்கு அது பகை. மற்றவர்க்கு அது பொருள். நம் முன்னோர் செய்யுட்குரியவற்றை முதல், கரு, உரி எனப் பகுத்து, புள்ளும் விலங்கும் மரமும் பூவும் கருப்பொருள் என்றனர். மாரிஸ் தொல்காப்பியம் கற்றவரல்லர். ஆயினும், கருப்பொருள் தம் வேலிக்குள்ளேயே கிடப்பதை அவர் கண்டுகொண்டார்.

கண்டது போதுமா? கண்டதைத் துணியில் ஏற்றுதல் வேண்டும். அங்கேதான் அவர்க்கு உண்மையான இடர் காத்திருந்தது. 1856இல் பெர்க்கின் என்னும் வேதியியலறிஞர் கரித்தாரிலிருந்து செயற்கைச் சாயம் கண்டபின், சாயத்தொழில் முழுதும் அவ்வழியே திரும்பியது. அச்சாயங்களின் கூசும் நிறமும், வெயிலில் வெளிறும் இயல்பும் மாரிசுக்குப் பிடிக்கவில்லை. செடிகளிலிருந்து எடுக்கும் பழைய சாயங்களையே அவர் விரும்பினார். ஆனால் அவற்றை ஆளும் முறை அறிந்தோர் அருகியிருந்தனர். ஆகவே 1875இல் லீக் என்னும் ஊர்க்குச் சென்று, தாமஸ் வார்டில் என்பாரின் சாயப்பட்டறையில் ஒரு தொழிலாளி போல நின்று பயின்றார். பழைய நூல்களைத் தேடிப் படித்தார். தொட்டியில் தாமே கையை விட்டார். முழங்கை வரை நீலம் ஏறிய கையுடன் அவர் நடமாடினார். புகழ்பெற்ற பாவலர் ஒருவர் இக்கோலத்தில் நின்றதைக் கண்டு அந்நாளில் நகைத்தவரும் இருந்திருக்கக்கூடும்.

நீலம் என்றது அவுரிச் சாயத்தை. அந்நாளில் ஐரோப்பா வாங்கிய அவுரியிற் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து சென்றதே. அது பழகுதற்கு அரிய சாயம். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பசுமை கலந்த மஞ்சளாகத் தோன்றும். காற்றுப் பட்டவுடன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலமாக மாறும். இத்தன்மையால் அதனை அச்சுக்கட்டையில் தோய்த்து நேரே துணியில் ஒற்றுதல் எளிதன்று. எனவே மாரிஸ் மாற்றுவழி ஒன்றைக் கைக்கொண்டார். துணி முழுவதையும் முதலில் நீலத்தில் தோய்ப்பது. பிறகு, வெண்மை வேண்டிய இடத்தில் நிறம் நீக்கும் மருந்தை அச்சுக்கட்டையால் ஒற்றி நீலத்தைப் போக்குவது. அதன்மேல் சிவப்பையும் மஞ்சளையும் ஒவ்வொன்றாக ஏற்றுவது. நிறத்தைச் சேர்த்துச் சேர்த்துப் படம் எழுதுவதே நாம் அறிந்தது. இங்கோ முதலில் நிறத்தைக் கழித்துப் படம் எழுதவேண்டும்! லீக்கில் இம்முயற்சி அவர் மனம் நிறையும்படி கைகூடவில்லை. 1881இல் இலண்டனுக்குத் தெற்கே, வாண்டில் என்னும் ஆற்றின் கரையில், மெர்ட்டன் ஆபி என்னும் இடத்தில் தமக்கென்று பட்டறை அமைத்தார். அவ்வாற்றின் நீர் சாயத்தொழிலுக்கு ஏற்றதாயிருந்தது. அங்கும் ஈராண்டுகள் கழிந்தபின்னரே நீலத்தோடு சிவப்பும் மஞ்சளும் ஒரே துணியில் இசைந்து நின்றன.

1883ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்துணியின் கோலம் பதிவுசெய்யப்பட்டது. 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்று மாரிஸ் அதற்குப் பெயரிட்டார். கருநீலப் பரப்பில் இலையும் மலரும் செறிந்திருக்கும். அவற்றின் நடுவே பூங்குருவிகள் இணையிணையாக எதிரெதிர் நிற்கும். சிலவற்றின் அலகிற் செங்கனி. சில அலகு திறந்து பாடுகின்றன. குற்றம் செய்தோர் என்னும் நாணம் ஒன்றிடமும் இல்லை. இருபத்தோராண்டுக்கு முன் பறவை வரையத் தயங்கி நண்பரை நாடியவர், இப்பறவைகளைத் தாமே வரைந்தார்.

இப்பறவைகள் ஒருநாட் காலையில் அவர் உள்ளத்தில் தோன்றியவை என்று சொல்லிவிடலாம். ஆனால் 1871இல் அதே தோட்டத்தில் அதே கள்வர் வந்திருப்பர்; அப்போது இத்துணி பிறந்திருக்க இயலாது. சாயத்தின் இயல்பு அவர் கைக்கு வயமான பிறகே, இவ்வளவு நுண்ணிய கோடுகளைத் துணி தாங்கும் என்று அவர் அறிந்தார். தென்கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைப் பலகாலும் சென்று நோக்கியவராதலால், ஒரு சிறு கட்டைக்குள் அடங்கிய உரு எவ்வாறு திரும்பத் திரும்ப வந்தும் சலிப்பூட்டாது என்பதையும் கற்றிருந்தார். பழையதைப் படியெடுப்பவரை அவர் மதித்ததில்லை. பழையதைப் பாராமலே புதியது செய்வேன் என்பவரையும் அவ்வாறே.

இவ்வச்சுத்துணியை முடிக்கப் பல நாட்கள் ஆயின. ஆகவே அவர் நிறுவனத்தின் அச்சுத்துணிகளில் இது விலை மிக்கவற்றுள் ஒன்றாயிற்று. செல்வர் விரும்பி வாங்கினர். விற்பனை பெருகியது. ஆயினும், கள்வரை வைது நின்ற அத்தோட்டக்காரர் போன்றோர் தம் வீட்டுச் சாளரத்தில் இதனைத் தொங்கவிட எந்நாளும் இயலாது. அழகு செல்வர்க்கே உரியதாய் நின்றமை மாரிசை வருத்தியது. விலையைக் குறைப்பதாயின் உழைப்போரின் கூலியைக் குறைக்கவேண்டும். அல்லது செய்முறையின் செம்மையைக் குறைக்கவேண்டும். இரண்டிற்கும் அவர் இசையவில்லை. இவ்வருத்தத்திற்கு மருந்தைப் பட்டறையில் அவர் காணவில்லை. தெருவிலும் மேடையிலும் தேடலானார்.

துணி பதிவான அதே 1883ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உழைப்பாளர் உரிமைக்காகப் போராடிய மக்களாட்சிக் கூட்டமைப்பு என்னும் இயக்கத்தில் அவர் சேர்ந்திருந்தார். அவர்க்கு அளித்த உறுப்பினர் சீட்டில், பெயரையடுத்து அவர் இன்னார் என்று குறிக்கும் சொல் ஒன்று இருந்தது. பாவலர் என்றோ பட்டறை முதலாளி என்றோ அதில் இல்லை. 'வில்லியம் மாரிஸ், வடிவமைப்பாளர்' என்றே இருந்தது.